பிரசவ ஃபைலைத் தூக்கிப் போட்டுடாதீங்க: அக்காவுக்கு ஹார்ட் அட்டாக் வந்தப்புறம் நாங்க தெரிஞ்சுகிட்டது

அக்காவுக்கு ஸ்டென்ட் வச்சு வார்டுக்கு மாத்தின அன்னிக்கு ரவுண்ட்ஸ் வந்த ஹார்ட் டாக்டரம்மா, ஷுகர் இருக்கா, கொலஸ்ட்ரால் பாத்திருக்கீங்களா, வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே ஹார்ட் ப்ராப்ளம் வந்திருக்கான்னு எல்லாரும் கேக்கறதெல்லாம் கேட்டுட்டு, கடைசியா "பிரசவத்தப்ப பிபி இருந்துச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. அக்கா சிரிச்சுட்டா. "அதெல்லாம் அப்ப டாக்டர், என் பொண்ணு இப்ப வேலைக்கே போறா"ன்னா. டாக்டரம்மா சிரிக்கல. எவ்ளோ இருந்துச்சு, யூரின்ல ப்ரோட்டீன் போச்சா, நாளுக்கு முன்னாடியே டெலிவரி ஆச்சா, குழந்தை எடை குறைவான்னு வரிசையா கேட்டு எழுதிகிட்டாங்க. எனக்கு அப்பதான் சுருக்குன்னுச்சு. ஏன்னா அக்காவுக்கு அந்த சமயத்துல 150/100 வரைக்கும் ஏறி, கால் முகமெல்லாம் வீங்கி, தேதிக்கு ரொம்ப முன்னாடியே ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தையை எடுத்தாங்க. டெலிவரி ஆனதும் பிபி இறங்கிடுச்சு, "இனி பயமில்ல"ன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல அவ எத்தனையோ டாக்டரைப் பாத்திருப்பா, ஒருத்தரும் அதைக் கேக்கல, அவளும் சொல்லல, சொல்லணும்னு யாருக்குத் தெரியும்.

இதை எழுதறதே முக்கியமா அந்த ஒரு கேள்விக்காகத்தான். மத்தபடி உப்பு குறைங்க, நடங்க, டென்ஷன் ஆகாதீங்கன்னு சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கு.

முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். அக்காவுக்கு 47 வயசு. ரெண்டு மூணு வாரமாவே "என்னன்னே தெரியல, மாடிப்படி ஏறினா காலே எழும்ப மாட்டேங்குது, தூங்கி எழுந்தாலும் அசதி போகல"ன்னு சொல்லிட்டு இருந்தா. மெனோபாஸ் நெருங்கற வயசு, எல்லாரும் அதுதான்னு நினைச்சோம், அவளும். ஒருநாள் ராத்திரி மேல்வயித்துல ஒரு அழுத்தம், குமட்டல், நெத்தியெல்லாம் சில்லுன்னு வேர்வை, கூடவே தாடை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்ச மாதிரி. வலின்னு அவ சொல்லவே இல்ல, "ஒரு மாதிரி இருக்கு"ன்னுதான் சொன்னா. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, கேஸ்னு சொல்லி ஒரு ஊசி போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க, ஈசிஜி எடுக்கல. ஊசி போட்டதும் கொஞ்சம் தேவலைன்னு வேற சொன்னா, இதுதான் பெரிய ஏமாத்து வேலை, கேஸ் மருந்துக்குக் கொஞ்சம் அடங்கினாலும் அது ஹார்ட் இல்லைன்னு அர்த்தம் ஆகாது. மறுநாள் காலைல பாத்ரூம்லேர்ந்து வெளிய வந்தவ அப்படியே சுவத்தைப் பிடிச்சுகிட்டு உக்காந்துட்டா. மாமா இந்த தடவை வேற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு, அங்க போன உடனே ஈசிஜி, அது முடிஞ்ச கையோட ஆஞ்சியோ.

வலது பக்க ரத்தக்குழாய்ல அடைப்பு. இந்தக் குழாய் பெரும்பாலும் இதயத்தோட கீழ்ச்சுவருக்கு ரத்தம் கொண்டு போகும், அந்தப் பகுதில அட்டாக் வந்தா வயித்துப் பிரச்சனை மாதிரியே காட்டும், குமட்டல், வாந்தி, மேல்வயித்து அழுத்தம், நாடித்துடிப்பு குறையறது இதெல்லாம் அதோட கூட வர்றதுதான்னு டாக்டரம்மா விளக்கினாங்க. இது ஆம்பளைங்களுக்கும் வரும். ஆனா பொண்ணுங்களுக்கு நெஞ்சு அழுத்தத்தோட மூச்சு வாங்கல், குமட்டல், முதுகு, கழுத்து, தாடை, தோள்ல வலி, காரணமில்லாத அசதின்னு கூட ரெண்டு மூணு சேந்து வர்றது அதிகம். ஒண்ணு சொல்லணும், இப்ப எங்க பாத்தாலும் "பொண்ணுங்களுக்கு நெஞ்சு வலியே வராது"ன்னு ஒரு பேச்சு ஓடுது, அது தப்பு. பொண்ணுங்களுக்கும் அதிகமா வர்ற அறிகுறி நெஞ்சுல வர்ற தொந்தரவுதான். அது வலியா இல்லாம பாரமா, இறுக்கமா, எரிச்சலா இருக்கலாம், அதனால "வலிக்குதா?"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்லிடுவாங்க. "நெஞ்சுல ஏதாவது வித்தியாசமா இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க, பதில் வேற மாதிரி வரும்.

கேஷுவல்டில எப்படிப் பேசணும்ங்கறது தனியா கத்துக்க வேண்டிய விஷயம். நம்ம வீட்டுப் பொண்ணுங்க டாக்டர் முன்னாடி உக்காந்ததும் "ஒண்ணுமில்ல டாக்டர், கேஸ்தான்னு நினைக்கறேன், நேத்து சரியா தூங்கல, கொஞ்சம் டென்ஷன்"னு நோயையும் காரணத்தையும் அவங்களே சொல்லி முடிச்சுடுவாங்க. எதிர்ல இருக்கறவரும் அதையே எழுதிடுவாரு. காரணம் எதையும் சொல்லாம எப்ப ஆரம்பிச்சுது, எங்க இருக்கு, எங்க பரவுது, வேர்வை இருந்துச்சா, நடந்தா கூடுதா, இதை மட்டும் சொல்லிட்டு, "இது ஹார்ட்டா இருக்குமா டாக்டர், ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடலாமா?"ன்னு நேரா கேளுங்க. கூடப் போறவங்க கேட்டா இன்னும் நல்லது. நெஞ்சு வலின்னு வந்தவங்களுக்கு வந்து 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்துப் பாக்கணும்ங்கறதுதான் மருத்துவ வழிகாட்டுதலே, அதனால நாம ஒண்ணும் அதிகப்பிரசங்கித்தனமா கேக்கல.

முதல் ஈசிஜி நார்மல்னு வந்தாலும் உடனே நிம்மதி ஆகிட முடியாது. தொந்தரவு இருந்துகிட்டே இருந்தா கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப எடுக்கணும், ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கசியற புரதம் அது, அதையும் சில மணி நேரம் விட்டு ரெண்டாவது தடவை பாப்பாங்க, ஏன்னா ஏறறதுக்கு நேரம் எடுக்கும். இதுலயும் ஆண் பெண் வித்தியாசம் இருக்கு. ரொம்ப நுணுக்கமா அளக்கற புது வகை டெஸ்ட் ஒண்ணுல ஆண்களுக்கு லிட்டருக்கு 34 நானோகிராம் வரைக்கும் நார்மல்னா பெண்களுக்கு 16தான். ரிப்போர்ட்ல எந்த அளவை நார்மல்னு போட்டிருக்காங்கன்னு ஒரு கண்ணு வைங்க. நல்லா இருக்கறப்ப எடுத்த ஈசிஜி ஏதாவது இருந்தா போன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கறதும் ரொம்ப உதவும், புதுசா ஏதாவது மாறியிருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்கலாம்.

ஈசிஜி பத்தி இன்னொண்ணு, யாரும் வெளிப்படையா பேசறதில்ல. மார்புல ஆறு இடத்துல ஒட்டணும், அதுல பாதி இடது மார்புக்கு அடில வரும். அக்கா கூச்சப்பட்டு மேல்துணியை இறுக்கிப் பிடிச்சுகிட்டா, நர்ஸ் ஒரு துணியைப் போர்த்தி, "அம்மா, இது இடம் மாறி ஒட்டினா படமே மாறிடும், உள்ளாடையைக் கழட்டிடுங்க, யாரும் வர மாட்டாங்க"ன்னு திரையை இழுத்துவிட்டாங்க. அந்தப் பொண்ணு அவசரப்பட்டு மேலாப்புல ஒட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சுப் பாப்பேன். நீங்களும் கூச்சப்படாதீங்க, பெண் ஊழியர் வேணும்னா கேளுங்க, திரை போடச் சொல்லுங்க, ஆனா சரியான இடத்துல ஒட்ட விடுங்க.

சரி, பிரசவ விஷயத்துக்கு வர்றேன். கர்ப்பத்துல பிபி ஏறி யூரின்ல ப்ரோட்டீன் போறது, அதாவது ப்ரீஎக்லாம்சியா, வந்த பொண்ணுங்களுக்குப் பின்னாடி ஹார்ட் நோயும் பக்கவாதமும் வர்ற ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கர்ப்பத்துல மட்டும் ஷுகர் வந்து போனவங்களுக்கு பிற்காலத்துல நிரந்தர ஷுகர் வர்ற வாய்ப்பு பல மடங்கு கூடும், அது வழியா இதயத்துக்கும் வரும். குறைமாசப் பிரசவம், எடை குறைஞ்ச குழந்தை, திரும்பத் திரும்ப கருச்சிதைவு, 45 வயசுக்கு முன்னாடி பீரியட்ஸ் நின்னு போனது (40க்கு முன்னாடின்னா இன்னும் அதிகம்), பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்வாங்களே அது), இது எல்லாமே ஹார்ட் டாக்டருக்குத் தேவையான தகவல். முடக்குவாதம், லூபஸ் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்கற நோய்ங்க பொண்ணுங்களுக்குத்தான் அதிகம் வரும், அதுவும் இதயத்தைப் பாதிக்கும். மார்பகப் புத்துநோய்க்கு சில வகை கீமோவோ இடது பக்கம் ரேடியேஷனோ எடுத்தவங்களும் சொல்லணும். ஒரு வெள்ளைத்தாள்ல இதை எல்லாம் எழுதி பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோட ஃபோட்டோவையும் சேத்து வச்சுக்கோங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் கேக்கலைன்னாலும் நீட்டுங்க. எங்கம்மா அக்காவோட ஃபைலைப் பரண்லேர்ந்து தேடி எடுத்துக் கொடுத்தாங்க, மஞ்சள் அடிச்சுப் போயிருந்துச்சு, ஆனா ஒவ்வொரு நாள் பிபியும் கையால எழுதினது அப்படியே தெளிவா இருந்துச்சு.

ப்ரீஎக்லாம்சியா வந்தவங்க டெலிவரிக்கு அப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிபி பாக்கணும், ஷுகர், கொலஸ்ட்ராலும் அப்பப்ப. கர்ப்பகால ஷுகர் வந்தவங்க டெலிவரி ஆன 4 முதல் 12 வாரத்துக்குள்ள குளுக்கோஸ் குடிச்சுப் பாக்கற டெஸ்ட் எடுத்துட்டு, அப்புறம் ஒண்ணுலேர்ந்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஷுகர் பாத்துகிட்டே இருக்கணும். எனக்கு ரெண்டாவது பிரசவத்துல ஷுகர் இருந்துச்சு, அக்கா விஷயத்துக்கு அப்புறம் நானும் போய் எச்பிஏ1சி (மூணு மாச சராசரி ஷுகரைக் காட்டற ரத்த டெஸ்ட்) பாத்தேன், 6.1. 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் ஷுகருக்கு முந்தின நிலை, 6.5ஐத் தொட்டா ஷுகர். ஒரு தொந்தரவும் இல்லாம இது பாட்டுக்கு ஏறிட்டு இருந்திருக்கு. ஷுகர் வந்தா இதயத்துக்கு வர்ற ஆபத்து ஆண்களுக்குக் கூடறதை விட பொண்ணுங்களுக்கு அதிகமாவே கூடுதுன்னும் சொன்னாங்க. சிகரெட்டும் அப்படித்தான்.

அக்கா பொண்ணுக்கும் இதுல சேதி இருக்கு. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ ப்ரீஎக்லாம்சியா வந்திருந்தா அதை கர்ப்பமான உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், ஆபத்து அதிகம்னு தோணினா 12 வாரம் தாண்டினதும் குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் கொடுப்பாங்க. டாக்டர் சொல்லாம நாமளா எடுக்கக் கூடாது.

மெனோபாஸ் வரைக்கும் ஹார்மோன் காப்பாத்தும்னு ஒரு நம்பிக்கை எல்லார்கிட்டயும் இருக்கு. பொண்ணுங்களுக்கு ஹார்ட் நோய் சராசரியா ஆண்களை விட ஏழு முதல் பத்து வருஷம் தள்ளி வருதுங்கறது உண்மைதான், ஈஸ்ட்ரோஜனுக்கு அதுல பங்கு இருக்கு. ஆனா அது தள்ளிப் போடறது மட்டும்தான், பிபி, ஷுகர், சிகரெட்னு ஒண்ணு சேந்தா அந்தப் பாதுகாப்பு காணாமப் போயிடும். மெனோபாஸ் நேரத்துல கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், கொழுப்பு இடுப்புலேர்ந்து வயித்துக்கு இடம் மாறும். ஆசியப் பெண்களுக்கு வயித்துச் சுத்தளவு 80 சென்டிமீட்டர்தான் எல்லைன்னு வச்சிருக்காங்க. எடை மாறாம வயிறு மட்டும் ஏறினாலும் கணக்குல எடுத்துக்கணும். அப்போ ஹார்மோன் மாத்திரை போட்டா சரியாகிடுமான்னு அக்கா கேட்டா. 2002ல வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேத்துக் கொடுத்தா இதயத்தைக் காப்பாத்தும்ங்கற எண்ணத்தையே உடைச்சுடுச்சு. தாங்க முடியாத உடம்புச் சூட்டுக்கு, ஆளைப் பாத்து, டாக்டர் கொடுக்கறது வேற விஷயம், இதயத்துக்காக அதை எடுக்கறதில்ல.

பக்கத்து பெட்ல இருந்த ஒரு அம்மா கதை இன்னும் குழப்பம். அவங்களுக்கு அட்டாக்னு ட்ரோபோனின் காட்டுது, ஆஞ்சியோல பெரிய அடைப்பு ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரங்க "ஒண்ணுமில்லையாம், மனசுதான் காரணமாம்"னு கிளம்பத் தயாராகிட்டாங்க. டாக்டரம்மா உக்கார வச்சுப் பேசினாங்க. பெரிய குழாய் சுத்தமா இருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ரத்தக்குழாய்ங்க சரியா விரியாம இருக்கலாம், மெயின் பைப்புல தண்ணி வந்தும் வீட்டுக் குழாய்ல சொட்டாத மாதிரி. இது பொண்ணுங்களுக்கு அதிகம். இன்னொண்ணு, ரத்தக்குழாய்ச் சுவர்ல திடீர்னு கிழிசல் விழறது, இளம் வயசுப் பொண்ணுங்க, புதுசா பிள்ளை பெத்தவங்களுக்குக் கூட வரும். மூணாவது, பெரிய அதிர்ச்சிக்குப் பின்னாடி இதயத்தோட இடது பக்க அறை பலூன் மாதிரி உப்பி பலவீனமாகறது, 1990ல ஜப்பான்ல முதல்ல விவரிச்சாங்க, டாகோட்சுபோன்னு பேரு, வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்போது பேரு பொண்ணுங்க, பெரும்பாலும் மெனோபாஸ் தாண்டினவங்க. அதனால ஆஞ்சியோ க்ளீன்னு சொன்னா "அப்போ எனக்கு ட்ரோபோனின் ஏன் ஏறுச்சு?"ன்னு கேக்காம வீட்டுக்கு வராதீங்க. எம்ஆர்ஐ மாதிரி அடுத்த டெஸ்ட் இருக்கு, மருந்தும் இருக்கு.

வீட்ல பிபி மெஷின் வாங்கினப்புறம் நடந்த கூத்தைச் சொல்லணும். அக்கா அடுப்படியிலேர்ந்து வந்து நின்ன வாக்குல கைல பட்டையைச் சுத்தி, போன் பேசிகிட்டே அழுத்தினா 158 காட்டுச்சு, வீடே கலவரம். அப்புறம் டாக்டர் சொன்ன மாதிரி உக்காந்து எடுத்தா 132. எப்படின்னா, எடுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காபி, டீ, நடை எதுவும் வேண்டாம், யூரின் போயிட்டு வந்து முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரைல படற மாதிரி, கால் மேல கால் போடாம அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். கை மேஜை மேல, நெஞ்சு மட்டத்துல. பட்டை தோல் மேல, சட்டைக் கை மேல இல்ல. கை பருமனா இருந்தா பெரிய பட்டை வாங்கணும், சின்னப் பட்டை சுத்தினா பிபி கூடக் காட்டும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை, காலைலயும் சாயங்காலமும், பேசாம. அந்த நோட்டை டாக்டர்கிட்ட காட்டினாதான் மருந்தைச் சரியா கூட்டவோ குறைக்கவோ முடியும், கிளினிக்ல ஒரு தடவை பாக்கற நம்பரை மட்டும் வச்சு முடியாது. வீட்ல எடுக்கறப்ப சராசரியா 135/85க்கு மேல தொடர்ந்து இருந்தா போய்க் காட்டணும்.

'லிப்போப்ரோட்டீன் (a)'ன்னு ஒரு டெஸ்ட், ரத்தத்துல இருக்கற ஒரு வகைக் கொழுப்பை அளக்கறது, அது பெரும்பாலும் பரம்பரையா வர்றது, வாழ்க்கைல ஒரு தடவை பாத்தாப் போதும்னு பல வழிகாட்டுதல்ல இருக்கு, வீட்ல யாருக்காவது சின்ன வயசுல அட்டாக் வந்திருந்தா கேட்டு எடுத்துடுங்க. சாப்பாடு, நடை பத்தி நீங்க கேக்காதது ஒண்ணும் இல்ல, நம்பர் மட்டும் சொல்லிடறேன்: உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, எல்லா வழியிலயும் சேத்து ஒரு டீஸ்பூன் அளவுதான், வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மூச்சு லேசா வாங்கற அளவு நடை, ரெண்டு நாள் தசைக்கு வேலை. வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானேன்னு அக்கா வாதாடினா, மூச்சு வாங்கற வேகத்துல செஞ்சா கணக்கு உண்டு, மெதுவா செய்யறது இந்தக் கணக்குல வராதுன்னாங்க. தூக்கத்தை 2022லேர்ந்து அமெரிக்க இதய சங்கமே இதய ஆரோக்கியக் கணக்குல சேத்துடுச்சு, 7லேர்ந்து 9 மணி நேரம். வீட்ல கடைசியா படுத்து முதல்ல எழுந்திரிக்கற ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியும், அதை அவங்க மட்டும் மாத்திக்க முடியாது, வீடு மொத்தமும் மாறணும்.

மாத்திரை விஷயத்துல அக்கா ரொம்ப பயந்தா. கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா உடம்பு வலிக்கும்னு யாரோ சொல்லிட்டாங்க, சத்தமில்லாம நிறுத்தப் பாத்தா. சிலருக்கு வலி வரும், உண்மைதான், அப்ப டோஸைக் குறைப்பாங்க, வேற மாத்திரை மாத்துவாங்க. ஆனா ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் உறையாம இருக்கறதுக்கான மாத்திரையை ஒரு நாள் கூட தானா நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கணும்னாலும் ஹார்ட் டாக்டரைக் கேட்டுட்டுத்தான். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கறவங்க அதையும் முன்னாடியே சொல்லணும், ஸ்டாட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சில வகை பிபி மாத்திரையையும் கர்ப்பத்துக்கு முன்னாடியே மாத்த வேண்டியிருக்கும்.

யாராவது கண்ணு முன்னாடி மயங்கி விழுந்து, கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லைன்னா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தணும். பொது இடத்துல விழுந்தது பொண்ணா இருந்தா தொடத் தயங்கி நிக்கறாங்கன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க. தயங்காதீங்க, உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு எதிர் பெட்ல இருந்த பெரியவருக்கு கார்டியாக் ரீஹாப் ஃபார்ம் கொடுத்தாங்க, அதாவது அட்டாக் வந்தவங்களை மானிட்டர் போட்டுப் படிப்படியா எக்சர்சைஸ் செய்ய வச்சு, மருந்து, சாப்பாடு, மனசு எல்லாம் பாத்து அனுப்பற வகுப்பு. அக்காவுக்குக் கொடுக்கல. மாமா போய்க் கேட்டாரு, "வீட்டு வேலை இருக்குமே, வருவாங்களான்னு தெரியல"ன்னு கவுண்டர்ல பதில். வருவான்னு சொல்லி வாங்கிட்டு வந்தாரு. வாரத்துல மூணு நாள் போறா, போன வாரம் ட்ரெட்மில்ல வேகத்தைக் கூட்டச் சொல்லி இவளே கேட்டிருக்கா. அவ போற நேரத்துல சமையல் மாமா, அதுல உப்பு சரியா இருக்கறதில்லைன்னு புகார் வேற.